இந்திய அரசமைப்பில் எந்த அதிகாரம் யாரிடம்? புதிதாகப் படிக்க உட்காருகிறவருக்கு

"நாடாளுமன்றம் பெரிதா, உச்ச நீதிமன்றம் பெரிதா" என்ற விவாதம் தொலைக்காட்சியில் வருடத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பலரும் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டேதான் வருகிறார்கள். அதை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டால் பாதி சிரமம் குறையும். யார் பெரியவர் என்று இந்திய அரசமைப்பு எங்கேயும் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலையாக எடுத்து, இதை யார் செய்யலாம், யாரைக் கேட்டுச் செய்ய வேண்டும், வரம்பு மீறினால் யார் தடுக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறது. நாமும் ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் படிக்கலாம்.

ஒரு நோட்டு எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். யார் செய்வது, யார் சம்மதம் வேண்டும், யார் தடுக்கலாம். கீழே வருவதெல்லாம் இந்த மூன்று பத்தியை நிரப்பக் கற்றுக்கொள்ளத்தான்.

1. எங்கே திறப்பது

புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் முழு உரையும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழாக்கமும் உண்டு. தமிழாக்கத்தில் 'உறுப்பு' என்று இருப்பதைத்தான் செய்தித்தாள்கள் 'பிரிவு' என்கின்றன. பழகிய சொல் என்பதால் நானும் பிரிவு என்றே எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தால் குடியுரிமைப் பகுதிக்கு வருவதற்குள் கண் செருகிவிடும். 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தபோதே 395 பிரிவுகள். நேராக ஐந்தாம் பகுதிக்குப் போங்கள். 52 முதல் 151 வரை நூறு பிரிவுகள், அவ்வளவுதான். அதன் அத்தியாயத் தலைப்புகளை மட்டும் முதலில் பாருங்கள். 52 முதல் 78 வரை நிர்வாகம்: குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சரவை. 79 முதல் 122 வரை நாடாளுமன்றம். 124 முதல் 147 வரை உச்ச நீதிமன்றம். நடுவில் 123 எங்கே போயிற்று? அந்த ஒரே ஒரு பிரிவுக்குத் தனி அத்தியாயம் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகம் தற்காலிகமாகச் சட்டம் போடும் இடம் அது, அதாவது அவசரச் சட்டம். ஒரு துறை இன்னொரு துறையின் வேலையைச் செய்கிற இடம் என்பதால்தான் இரண்டுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிரிவைப் பிறகு பார்க்கலாம்.

ஆறாம் பகுதி மாநிலங்களுக்கு. ஐந்தாம் பகுதியின் தம்பி மாதிரி, அதே வரிசை. அமைச்சரவையின் ஆலோசனை பற்றிய 74-க்கு 163, மசோதாவுக்கு ஒப்புதல் தரும் 111-க்கு 200, அவசரச் சட்டத்துக்கு 123-க்குப் பதில் 213. இந்த ஜோடிகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் பாதி மனப்பாடம் மிச்சம். 123-ஐயும் 213-ஐயும் மாற்றிப் போடாமல் இருந்தால் சரி. தேர்வு எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் அது.

2. 'அதிகாரப் பிரிவினை' என்ற சொல்லைத் தேடாதீர்கள்

கிடைக்காது. சேர்க்கச் சொல்லிக் கேட்டவர் ஒருவர் இருந்தார். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: சட்டமியற்றல், நிர்வாகம், நீதி மூன்றும் முழுமையாகப் பிரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தனிப் பிரிவு வேண்டும். சபை ஏற்கவில்லை. காரணம் எளிது. நாம் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் பாணி. அதில் அமைச்சர்கள் அவைக்குள்ளிருந்தே வருகிறார்கள். அமெரிக்காவில் அமைச்சராகிற ஒருவர் காங்கிரஸ் உறுப்பினராகத் தொடர முடியாது. இங்கே அப்படியே தலைகீழ்: 75(5)-இன்படி, தொடர்ந்து ஆறு மாதம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத அமைச்சர் பதவி இழக்கிறார்.

பிரித்து வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான், பிரிவு 50. நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறிகளுக்குள் இருப்பதால் இதை வைத்து வழக்குப் போட்டு நிறைவேற்ற முடியாது. அது ஏன் வந்தது என்று தெரிந்தால் மறக்காது. வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் வரி வசூலித்தார், போலீஸை மேய்த்தார், மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து வழக்கும் விசாரித்தார். பிடிக்கச் சொன்னவரே தண்டனையும் கொடுப்பார். நாடு முழுவதற்கும் அதைப் பிரித்துப் போட்டது 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். மிச்சம் இன்னும் இருக்கிறது. ஊரில் பதற்றம் என்றால் கூட்டம் கூடத் தடை போடுகிறவர் நீதிபதி இல்லை, நிர்வாக மாஜிஸ்திரேட். நாம் '144 தடை' என்று சொல்லிப் பழகியது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163-ஆம் பிரிவு.

3. தனியாகப் படிக்கக் கூடாத பிரிவுகள்

பிரிவு 53-ஐ மட்டும் படித்தால் நாட்டை ஆள்கிறவர் குடியரசுத் தலைவர் என்றே தோன்றும். ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்று அப்படியே எழுதியிருக்கிறது. உடனே 74-ஐப் புரட்டுங்கள். அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். 1976-இல் 42-ஆவது திருத்தம் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியது. 1978-இல் 44-ஆவது திருத்தம் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது: ஒரு முறை மட்டும் 'மறுபடி யோசியுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தால் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

அப்புறம் 75(3). அமைச்சரவை மொத்தமும் மக்களவைக்குப் பொறுப்பு. புத்தகத்தில் ஒரே வரிதான். ஆனால் 1999 ஏப்ரல் 17-ஐ நினைத்துப் பாருங்கள், வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் விழுந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. இந்தப் பிரிவு வேலை செய்ததற்கு அதைவிடத் துல்லியமான காட்சி இல்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் அரசைக் கட்டுப்படுத்துகிறது என்று பாடப் புத்தகம் சொல்வதை முழுசாக நம்பிவிடாதீர்கள். 1985-இல் வந்த பத்தாம் அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்கிறது. பெரும்பான்மைக் கட்சி உறுப்பினர் தன் அரசுக்கு எதிராகக் கை தூக்க முடியாது. தாவலைத் தடுக்கப் போட்ட பூட்டு, கேள்வி கேட்பதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சட்டமில்லாமல் வரி இல்லை என்பது 265. அவை ஒப்புக்கொள்ளாமல் கஜானாவிலிருந்து காசு எடுக்க முடியாது என்பது 266, 114. ஆனால் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் வாக்கெடுப்புக்கு வராது. 'பிடிக்காத தீர்ப்பு சொன்னார், சம்பளத்தை வெட்டு' என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக.

4. ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள்

இதுதான் முக்கியமான படி. பிரிவு எண்களைத் தனித்தனியாகப் படிப்பதைவிட ஒரே ஒரு சம்பவத்தின் பின்னால் நடந்துபோவது பத்து மடங்கு மேல். நமக்கு நன்றாகத் தெரிந்த ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்வோம்.

2009-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தி ஒரு சட்டம் போட்டது. 2011-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்து அறிவிக்கை வெளியிட்டது. முதலாவது சட்டமன்றத்தின் வேலை, இரண்டாவது நிர்வாகத்தின் வேலை. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதுகிறது, ஆகவே செல்லாது என்றது. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் ஒரே விஷயத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லும் பிரிவு 254. இதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு வரியில் திரும்பி வரும்.

2016 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், மத்திய அரசு ஜல்லிக்கட்டுக்கு விலக்குக் கொடுத்து ஓர் அறிவிக்கை போட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நீதிமன்றம் சட்டத்துக்குக் கொடுத்த விளக்கத்தை அறிவிக்கை ஒன்றால் தாண்டும் முயற்சி அங்கேயே நின்றுவிட்டது.

2017 ஜனவரி. மெரினா. ஜனவரி 21-இல் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். அது நேராகச் சென்னையில் எழுதிக் கையெழுத்தானது என்று நினைக்க வேண்டாம். 213-இல் ஒரு வரம்பு இருக்கிறது: குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்படும் வகைச் சட்டம் என்றால், அவருடைய அறிவுறுத்தல் இல்லாமல் ஆளுநர் அவசரச் சட்டம் போட முடியாது. அதனால்தான் வரைவு முதலில் டெல்லிக்குப் போனது. ஜனவரி 23-இல் சட்டமன்றம் கூடி மசோதாவை நிறைவேற்றியது. பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 254(2) சொல்வது இதைத்தான்: மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினாலும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும். 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

இப்போது நோட்டின் மூன்று பத்தியையும் நிரப்பிப் பாருங்கள். அவையும் நிர்வாகமும் நீதிமன்றமும் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே வந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.

இதற்குப் பக்கத்திலேயே காவிரியை வைத்துப் பாருங்கள். 1991 ஜூன் 25-இல் காவிரி நடுவர் மன்றம், தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்கும்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு மாதம் கழித்து ஜூலை 25-இல் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் சாரம், அந்த உத்தரவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பது. குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பரில் பதில் வந்தது: செல்லாது. இரு தரப்புக்கு இடையே ஒரு மன்றம் கொடுத்த முடிவை அவை சட்டம் போட்டு அழிக்க முடியாது. அது நீதித்துறையின் வேலையில் கை வைப்பது. போதாக்குறைக்குத் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காருவதும்கூட.

இரண்டிலும் தீர்ப்புக்குப் பிறகு அவசரச் சட்டம் வந்தது. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஏன்? தமிழ்நாடு மாற்றியது, தீர்ப்பு எந்தச் சட்டத்தின்மேல் நின்றதோ அந்தச் சட்டத்தை. கர்நாடகம் சட்டத்தைத் தொடவில்லை, முடிவை மட்டும் ரத்து செய்யப் பார்த்தது. 'தீர்ப்பை முறியடிக்க அரசு சட்டம்' என்று தலைப்புச் செய்தி வரும்போதெல்லாம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மாறியது சட்டமா, தீர்ப்பு மட்டுமா?

5. கையில் உள்ள காகிதம் எது என்று பாருங்கள்

'அரசு சட்டம் போட்டுவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்தக் காகிதம் என்று கேளுங்கள். அவையில் நிறைவேறி ஒப்புதல் பெற்றது சட்டம். அவை கூடாத நேரத்தில் வருவது அவசரச் சட்டம். அவை மறுபடி கூடி ஆறு வாரம் ஆனால் அது காலாவதி. சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு எழுதுவது விதி. அப்புறம் அரசாணை, நாம் ஜி.ஓ. என்போமே, அது. அதற்கும் கீழே சுற்றறிக்கை. கீழே உள்ளது மேலே உள்ளதோடு மோதினால் கீழே உள்ளதுதான் விழும். வழக்கறிஞர் அலுவலகத்தில் முதல் நாள் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் இதுதான்.

அவசரச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பீகாரைப் பாருங்கள். 1967 முதல் 1981 வரை அங்கே 256 அவசரச் சட்டங்கள். காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்துச் சிலவற்றைப் பதினான்கு ஆண்டு வரை உயிரோடு வைத்திருந்தார்கள். டி. சி. வாத்வா என்ற பொருளியல் பேராசிரியர் இதைத் தோண்டி எடுத்து வழக்குப் போட்டார். இது அரசமைப்பின்மேல் செய்யும் மோசடி என்ற அளவுக்கு உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

அப்படியானால் சட்டம் இல்லாமல் அரசு எதுவுமே செய்ய முடியாதா? செய்யலாம். பஞ்சாப் அரசு பள்ளிப் பாடப் புத்தகங்களைத் தானே வெளியிடத் தொடங்கியபோது பதிப்பாளர்கள் வழக்குக்குப் போனார்கள்: இதற்குச் சட்டம் எங்கே என்று. ராம் ஜவாயா கபூர் வழக்கு, 1955. நிர்வாகம் என்பது இருக்கும் சட்டத்தை நிறைவேற்றுவது மட்டும் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. யாருடைய உரிமையையும் பறிக்காதவரை அரசு தன் வேலையைச் செய்ய ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் வேண்டாம். மூன்று துறைகளும் நம் அரசமைப்பில் முழு இறுக்கத்தோடு பிரிக்கப்படவில்லை, ஆனால் வேலைகள் போதுமான அளவு வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன என்ற புகழ்பெற்ற விளக்கம் இந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. எல்லாம் புத்தக வியாபாரத்தில் கிளம்பியது.

6. நீதிமன்றம் எதுவரை

13, 32, 226 மூன்றையும் ஒன்றாகப் படியுங்கள். அடிப்படை உரிமையை மீறும் சட்டம் செல்லாது. அதற்காக நேரே உச்ச நீதிமன்றமும் போகலாம், உயர் நீதிமன்றமும் போகலாம். ஆட்கொணர்வு மனு, ரிட் மனு என்று நாம் கேள்விப்படுவதெல்லாம் இங்கே பிறப்பவை. அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் 368-இல் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கும் அளவுக்குத் திருத்த முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24-இல் 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னார்கள். 7-க்கு 6. அன்றைக்கு ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் நாம் படிக்கும் பாடமே வேறாக இருந்திருக்கும்.

நீதிமன்றத்துக்கும் வேலி உண்டு. அவை நடைமுறையில் பிழை இருந்தது என்று சொல்லி அவை நடவடிக்கையை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது, அது 122. பதிலுக்கு, நீதிபதி தன் கடமையைச் செய்ததைப் பற்றி நாடாளுமன்றம் விவாதிக்கக் கூடாது, பதவி நீக்கத் தீர்மானம் வந்தால் தவிர, அது 121. பக்கத்துப் பக்கத்து எண்கள், ஒன்றுக்கொன்று பதில் மரியாதை. இந்த மரியாதை உடைந்தால் என்ன ஆகும் என்று 1964-இல் உத்தரப் பிரதேசம் காட்டியது. அவையை அவமதித்ததாகக் கேசவ் சிங் என்பவரைச் சட்டமன்றம் சிறையில் போட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள். அந்த நீதிபதிகளையே பிடித்து அவை முன் நிறுத்த வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது! உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் ஒரே அமர்வாக உட்கார்ந்து அதற்குத் தடை கொடுத்தார்கள். விஷயம் 143 வழியாக உச்ச நீதிமன்றம் போய், நீதிபதிகள் அவையை அவமதிக்கவில்லை என்று முடிந்தது. கேசவ் சிங்கின் மனு மட்டும் கடைசியில் தள்ளுபடியாகி, மிச்சமிருந்த தண்டனையை அவர் அனுபவித்தார்.

நீதிபதிகளை நியமிப்பது யார் என்பதில் புத்தகத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 124-ஐப் படித்தால் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 'கொலீஜியம்', அதாவது யாரை நியமிக்கலாம் என்று மூத்த நீதிபதிகளே கூடிப் பரிந்துரைக்கும் குழு, என்ற சொல்லே அதில் கிடையாது. 1993, 1998 தீர்ப்புகளில் வந்தது அது. அதை மாற்ற 2014-இல் கொண்டுவந்த 99-ஆவது திருத்தத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. தன்னை நியமிக்கும் முறையைத் தானே தீர்மானிப்பது சரியா என்ற கேள்வி நியாயமானதுதான். அரசின் கையில் முழுசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதுதான்.

சபாநாயகரையும் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். கட்சித் தாவல் புகாரில் அவர் நீதிபதி மாதிரித் தீர்ப்பு சொல்கிறார். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 உறுப்பினர்கள் தகுதி இழந்தது அவர் உத்தரவில். சரியா என்று பார்த்தது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் உத்தரவை உறுதி செய்தார்.

7. ஒரு வாரப் பயிற்சி

நாளை முதல் ஏழு நாள், செய்தித்தாளில் அரசு, அவை, நீதிமன்றம் மூன்றில் ஏதாவது இரண்டு சேர்ந்து வரும் ஒரு செய்தியை மட்டும் எடுத்து மூன்று பத்தியில் எழுதுங்கள். எண் தெரியவில்லையா, ஐந்தாம் பகுதியிலோ ஆறாம் பகுதியிலோ தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது பத்தி சில நேரம் காலியாக நிற்கும். அவசரப்பட்டு எதையாவது எழுதி நிரப்பாமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டு விடுங்கள்.

என் நோட்டில் 200-ஆம் பிரிவுக்கு எதிரே வெகுநாள் அப்படி ஒரு நட்சத்திரம் இருந்தது. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் யார் தடுக்கலாம்? பிரிவில் பதில் இல்லை. 2025 ஏப்ரல் 8-இல் தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் காலக்கெடு விதித்து, அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். நட்சத்திரத்தை அழித்து 'நீதிமன்றம்' என்று எழுதினேன். மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை 143-இல் அனுப்பினார். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள், நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்று ஒன்று கிடையாது என்றார்கள். ஆனால் காரணமே சொல்லாமல் முடிவில்லாமல் இழுத்தடித்தால், ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று மட்டும் உத்தரவிடலாம் என்றார்கள். 'நீதிமன்றம்' என்பதை அடிக்கவில்லை. பக்கத்தில் அந்த நட்சத்திரத்தை மறுபடி போட்டு வைத்திருக்கிறேன்.